பிளாஸ்டிக் கழிவு சேர்த்துத் தார்ச்சாலை போடுவது எப்படி? தரம் பிரிப்பதிலிருந்து ரோலர் வரை

நன்றாகக் காய்ந்த ஒரு கருங்கல் ஜல்லியை 165 டிகிரி செல்சியஸுக்குச் சுட வைத்து, அதன்மேல் ஒரு சிட்டிகை பாலித்தீன் துகளைத் தூவிக் கிளறிப் பாருங்கள். அரை நிமிடத்தில் துகள் காணாமல் போய்விடும். கல் மட்டும் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும். ஆறியதும் நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி மெல்லிய தோல் ஒன்று கைக்குத் தட்டுப்படும். இழுத்தால் உரிந்து வராது, கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிப் பிடித்திருக்கும்.

பிளாஸ்டிக் சாலை என்று ஊரெல்லாம் பேசுவது இந்தத் தோலைத்தான். குப்பையை உருக்கித் தெருவில் ஊற்றுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நூறு கிலோ தார்க்கலவையில் ஏறக்குறைய 95 கிலோ கல், 5 கிலோ தார். பிளாஸ்டிக்கின் பங்கு அரைக் கிலோவைக்கூடத் தொடாது. ஆனால் அந்த அரைக் கிலோவுக்கும் குறைவான பொருள் செய்கிற வேலை பெரியது.

தார்ச்சாலையின் முதல் எதிரி தண்ணீர். கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர் மேல் ஈர்ப்பு அதிகம். மழைநீர் உள்ளே இறங்கினால் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து தாரை உரித்துவிடும். பிடிப்பு இழந்த ஜல்லி ஒவ்வொன்றாகக் கழன்று வரும், அங்கே பள்ளம் விழும். கல்லின்மேல் பிளாஸ்டிக் தோல் இருந்தால் துளைகள் அடைபடுகின்றன, தண்ணீர் உறிஞ்சுவது குறைகிறது, தாரும் அந்தத் தோலோடு நன்றாக ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தோல் ஒழுங்காக உருவாக வேண்டுமென்றால் சரியான பிளாஸ்டிக், சரியான அளவு, சரியான வெப்பம், சரியான வரிசை என எல்லாம் அமைய வேண்டும். ஒன்று தவறினாலும், குப்பையைச் சாலைக்குள் ஒளித்து வைத்த வேலையாகத்தான் அது முடியும்.

இந்த முறையை உருவாக்கியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன். 2002-ல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே முதல் சாலை போடப்பட்டது. சென்னை ஜம்புலிங்கம் தெருவிலும் அந்தக் காலத்திலேயே இப்படிச் சாலை போட்டார்கள். 2006-ல் காப்புரிமை கிடைத்தது, 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நடுவே, 2002 முதல் 2006 வரை போடப்பட்ட சாலைகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆராய்ந்து 2008-ல் அறிக்கை வெளியிட்டது. 2013-ல் இந்தியச் சாலைகள் பேராயம் எஸ்.பி. 98 என்ற வழிகாட்டி நெறியைக் கொண்டுவந்தது. கீழே வரும் அளவுகளில் பல அந்த நெறியையும் வாரியத்தின் அறிக்கையையும் ஒட்டியவை. உங்கள் நாட்டில் வேறு நெறி இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். ஆனால் காரணங்கள் எங்கேயும் ஒன்றுதான்.

படி 1: உலர்முறையா, ஈரமுறையா?

பிளாஸ்டிக்கைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. சூடான கல்மேல் முதலில் பிளாஸ்டிக்கைப் பூசி, அப்புறம் தாரை ஊற்றுவது உலர்முறை. பிளாஸ்டிக்கை முதலில் தாரோடு கலந்து, அந்தத் தாரைக் கல்லில் ஊற்றுவது ஈரமுறை.

ஈரமுறை கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். செய்துபார்த்தால்தான் சிக்கல் தெரியும். பாலித்தீன் தாரைவிட இலேசானது, தாரில் முழுமையாகக் கரைவதும் இல்லை. எவ்வளவு கலக்கினாலும் தொட்டியில் நிறுத்தி வைத்தால் பிரிந்து மேலே மிதந்து ஆடை கட்டிவிடும். அதைத் தடுக்க அதிவேகமாக அரைத்துக் கலக்கும் இயந்திரம் வேண்டும், நிலைப்படுத்தும் வேதிப்பொருள் வேண்டும், தொட்டியைக் கலக்கிக்கொண்டே இருக்கவும் வேண்டும். சுத்திகரிப்பு ஆலைக்கோ பெரிய தார் உற்பத்தியாளருக்கோ இது சாத்தியம். கல்லையும் தாரையும் சூடாகக் கலக்கும் சாதாரண ஹாட் மிக்ஸ் பிளான்ட்டுக்கு இது சரிப்பட்டு வராது.

உலர்முறையில் இருக்கிற பிளான்ட்டிலேயே வேலை நடக்கும். வகைவகையான பிளாஸ்டிக் படலங்கள் கலந்து வந்தாலும் சமாளிக்கலாம். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க உலர்முறையைப் பற்றியதே.

நெதர்லாந்தின் ஸ்வோலே நகரில் 2018-ல் 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு மிதிவண்டிப் பாதை அமைத்தார்கள். அதையும் பிளாஸ்டிக் சாலை என்றே சொல்கிறார்கள். ஆனால் அது உள்ளே வெற்றிடமுள்ள பிளாஸ்டிக் கட்டங்களைத் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்தியது. அதற்கும் நாம் பேசும் தார்ச்சாலைக்கும் சம்பந்தம் இல்லை, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 2: எந்தப் பிளாஸ்டிக் உள்ளே, எது வெளியே?

சாலையின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது. இந்தப் படியில் அலட்சியம் காட்டிவிட்டுப் பிளான்ட்டில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பயன் கிடைக்காது.

கல்லின் வெப்பம் சுமார் 165 டிகிரி. அந்த வெப்பத்தில் உருகவோ நன்றாக இளகவோ கூடியது மட்டுமே தோலாக மாறும். அடர்த்தி குறைந்த பாலித்தீன், அதாவது கைப்பைகளும் பால் உறைகளும் செய்யும் வகை, 105 முதல் 115 டிகிரியிலேயே உருகிவிடும். அடர்த்தி மிகுந்த பாலித்தீன் 125 முதல் 135 டிகிரியில் உருகும். பாலிப்ரொப்பிலீனுக்கு 160 முதல் 165 டிகிரி வேண்டும். கல்லின் வெப்பம் கொஞ்சம் இறங்கினாலும் இது உருகாமல் துகளாகவே தங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். தெர்மோகோல் வகை பாலிஸ்டைரீனும் இந்த வெப்பத்தில் இளகிப் பரவும்.

தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் உருகுவதற்கு ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும். நம் கலவையில் அது உருகவே உருகாது, சிறு கல்போல இடையில் கிடக்கும். பூச்சு வேலைக்கு அது உதவாது. தவிர, பெட் பாட்டிலை மறுசுழற்சிக்கு வாங்க எப்போதும் ஆள் இருக்கிறார்கள், அதைக் கொண்டுபோய்ச் சாலையில் புதைப்பது எனக்கு உடன்பாடில்லை. பாட்டிலாகவோ நூலாகவோ வாளியாகவோ மறுபடி உயிர்பெறக்கூடிய எதையும் அந்த வழிக்கே அனுப்ப வேண்டும். யாரும் வாங்காத மெல்லிய படலம், கிழிந்த கைப்பை, பிஸ்கட் உறை, பல அடுக்கு ஒட்டிய சிப்ஸ் உறை போன்றவைதான் சாலைக்கு உரியவை. இவற்றின் தடிமன் 60 மைக்ரான் வரை இருக்கலாம். அலுமினியப் பூச்சு இருந்தாலும் அந்த அளவுக்குள் பிரச்சினை இல்லை.

இனி, எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே வரக்கூடாத ஒன்று பி.வி.சி. அதைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். கண் எரியும், தொண்டை கட்டும், தொடர்ந்து சுவாசிப்பவரின் நுரையீரல் கெடும், பிளான்ட்டின் இரும்பும் அரிக்கும். குழாய்த் துண்டு என்றால் பார்த்தவுடன் எடுத்துப் போட்டுவிடலாம். ஏமாற்றுவது விளம்பரத்துக்குக் கட்டும் ஃப்ளெக்ஸ் பேனர். அது மெல்லியதாக, மடங்கக்கூடியதாக, பார்க்க மற்றப் படலங்களைப் போலவே இருக்கும். பல இடங்களில் 'பிளாஸ்டிக்தானே' என்று இதையும் மூட்டையில் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். அது முழுக்க முழுக்கப் பி.வி.சி. பூசியது. மேசைவிரிப்பு, செயற்கைத் தோல், ஒயர் உறை ஆகியவையும் அதே இனம்.

சந்தேகம் வந்தால் செம்புக் கம்பிச் சோதனை ஒன்று போதும். கைப்பிடி வைத்த செம்புக் கம்பியின் நுனியை நீலச் சுடரில் சிவக்கக் காய்ச்சுங்கள். சுடரில் நிறம் எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, சூடான நுனியால் அந்தப் பிளாஸ்டிக்கைத் தொடுங்கள். கொஞ்சம் உருகி ஒட்டிக்கொள்ளும். மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையாக மாறினால் அதில் குளோரின் இருக்கிறது, அந்த மூட்டையை ஒதுக்கிவிடுங்கள். திறந்த வெளியில், கடுகளவு துணுக்கை மட்டும் எடுத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை இது.

தண்ணீர்த் தொட்டியும் கைகொடுக்கும். பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். பி.வி.சி.யும் பெட்டும் மூழ்கும். ஆனால் மெல்லிய படலத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் மூழ்க வேண்டியதும் மிதந்து ஏமாற்றும். அதனால் துண்டாக்கிய பிறகு, நீரில் நன்றாக அமுக்கிக் கலக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

கறுப்புப் பிளாஸ்டிக்கையும் தவிர்ப்பது நல்லது. பலமுறை மறுசுழற்சி ஆகி, எது எதிலிருந்து வந்தது என்றே சொல்ல முடியாத சரக்கு பெரும்பாலும் கறுப்பாகத்தான் வரும். மருத்துவக் கழிவு, பூச்சிமருந்து டப்பா இரண்டும் இந்த வேலைக்குள் வரவே கூடாது.

தரம் பிரிக்கும் மேசையில் நிற்பவர்கள் இந்த வேலையில் மிக முக்கியமானவர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு நாளில் பல ஆயிரம் துண்டுகள் அவர்கள் கையைக் கடந்துபோகின்றன. தொட்ட மாத்திரத்தில், கசக்கும் சத்தத்திலேயே 'இது வேறு' என்று ஒதுக்கும் திறமை அவர்களுக்கு உண்டு. கையுறை, முகக்கவசம், நல்ல வெளிச்சம், நிற்க நிழல், நியாயமான கூலி இத்தனையும் கொடுக்காமல் தரமான சாலை வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை.

படி 3: கழுவு, உலர்த்து, துண்டாக்கு

மண்ணும் உணவு மிச்சமும் ஒட்டிய படலம் கல்லில் ஒட்டாது. தூசியும் மற்ற அழுக்கும் எடையில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கழுவிய பிறகு நன்றாக உலர்த்த வேண்டும். ஈரத்தோடு போனால் சூடான கல்லில் பட்டதும் நீராவியாகும். அந்த நீராவி பூச்சைத் துளைத்து வெளியேறும், கல்லின் வெப்பத்தையும் தின்றுவிடும். கைப்பிடி அளவு துகளை எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறந்து பாருங்கள். உள்ளங்கையில் ஈரப்பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் ஒருநாள் வெயில் வேண்டும்.

துண்டின் அளவு 2.36 மில்லிமீட்டர் சல்லடை வழியே இறங்கி, 600 மைக்ரான் சல்லடையில் நிற்க வேண்டும். இதைவிடப் பெரிய துண்டு அரை நிமிடத்தில் உருகாமல் கட்டியாகிவிடும். அந்தக் கட்டி சாலையில் பலவீனமான புள்ளி, வண்டிச் சக்கரம் அதைப் பிடுங்கி எடுக்கும். சிறியதாக இருந்தால் பிளான்ட்டின் காற்றோட்டத்தில் பறந்துபோய் வடிகட்டிப் பைகளில் படிந்துவிடும்.

மெல்லிய படலத்தைத் துண்டாக்கும்போது வெட்டுக்கத்தி மழுங்கியிருந்தால் வெட்டாமல் இழுக்கும், உரசலில் சூடேறி உருண்டை உருண்டையாக வெளிவரும். கத்தியை அடிக்கடி தீட்ட வேண்டும். துண்டாக்கிய சரக்கை மூடிய, காய்ந்த இடத்தில், தீயிலிருந்து தள்ளி வையுங்கள். பொரிபோல் இலேசான பொருள் இது, ஒரு காற்று அடித்தால் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிடும். குப்பையைக் குறைக்க வந்த வேலையே குப்பையைப் பரப்பக் கூடாது அல்லவா?

படி 4: ஆய்வகத்தில் கலவையை வடிவமையுங்கள்

'எட்டு சதவீதம் போட்டால் போதும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு நேராகப் பிளான்ட்டுக்குப் போகாதீர்கள். பொதுவான வரம்பு, தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம். சரியான அளவை உங்கள் கல்லும் உங்கள் தாரும் சேர்ந்துதான் சொல்லும்.

முதலில் பிளாஸ்டிக் இல்லாமல், கலவையை உருளையாக இறுக்கி அதன் வலிமையை அளக்கும் வழக்கமான மார்ஷல் முறையில் உகந்த தார் அளவைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதில் 4, 6, 8, 10 சதவீதத்துக்குப் பிளாஸ்டிக்கை வைத்து மாதிரிகள் செய்யுங்கள். ஒவ்வொரு மாதிரியையும் இறுக்க, இரு பக்கமும் சுத்தியலால் 75 முறை அடிக்க வேண்டும். நிலைப்பு, அதாவது மாதிரி உடையாமல் தாங்கும் சுமை, 12 கிலோ நியூட்டனுக்குக் குறையாமல், காற்று இடைவெளி 3 முதல் 5 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கின் சதவீதம் ஏற ஏற நிலைப்பும் பெரும்பாலும் ஏறும், அதைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். பிளாஸ்டிக் கூடினால் கலவை விறைப்பாகும். வெயிலில் தடம் பதியாமல் காக்கும் அதே விறைப்பு, அளவு மீறினால் விரிசலைக் கொண்டுவரும். உறைபனி விழும் குளிர்ப் பகுதிகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அங்கே குளிர்நிலை விரிசல் சோதனை செய்யாமல் அளவை முடிவு செய்யவே கூடாது.

நீர்ச் சோதனையில் சுருக்கு வழி தேடாதீர்கள். ஈரப்படுத்திய மாதிரியின் இழுவிசை வலிமை, காய்ந்த மாதிரியினுடையதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வழக்கமான தார்க்கலவையே தேறாது. பிளாஸ்டிக் சேர்த்த கலவை அதைவிட நன்றாகவே வர வேண்டும். வரவில்லையென்றால் பூச்சு சரியாக விழவில்லை என்று பொருள்.

கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. பூச்சு இல்லாத கல்லிலும் பூச்சுள்ள கல்லிலும் ஒரே அளவு தார் தடவி, இரண்டு கண்ணாடிக் குவளைகளில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். முதல் குவளையில் தார் ஓரங்களில் சுருங்கிப் பின்வாங்கும், மூலைகளில் கல்லின் சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும். இரண்டாவதில் கல் கறுப்பாகவே கிடக்க வேண்டும். ஒப்பந்ததாரர், பொறியாளர், ஊர்மக்கள் என்று யார் வந்து 'இதனால் என்ன லாபம்?' என்று கேட்டாலும் இந்த இரண்டு குவளைகளைக் காட்டலாம்.

தண்ணீரை அதிகம் உறிஞ்சும் மோசமான கல்லையும் பிளாஸ்டிக் பூசித் தேற்றிவிடலாம் என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. பூச்சால் மோதலையும் தேய்மானத்தையும் கல் தாங்கும் திறன் மேம்படுவது உண்மைதான். ஆனால் பூச்சுக்கு முன்பே தேறும் கல்லை எடுப்பதுதான் முறை. பூச்சு தருவது கூடுதல் பாதுகாப்பு. கல்லின் குறையை மூடி மறைக்க அதை நம்பக் கூடாது.

படி 5: எவ்வளவு பிளாஸ்டிக் தேவை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோமீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் தடிமன். கன அளவு 93.75 கன மீட்டர். இறுகிய கலவை கன மீட்டருக்கு 2.3 டன் என்று கொண்டால் மொத்தம் சுமார் 216 டன். தார் 5 சதவீதம் என்றால் 10.8 டன். அதில் 8 சதவீதத்தைப் பிளாஸ்டிக்கால் ஈடுகட்டினால் பிளாஸ்டிக் சுமார் 860 கிலோ, தார் சுமார் 9.9 டன். 5 கிராம் எடையுள்ள கைப்பை என்றால் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பைகள்.

பெரிய எண்தான். ஆனாலும் துண்டாக்கிய, சுத்தமான, காய்ந்த 860 கிலோ என்பது வேலை தொடங்குவதற்கு முன்பே கையிருப்பில் இருக்க வேண்டும். பாதிச் சாலை போட்ட பிறகு சரக்குத் தீர்ந்துபோய், அவசரத்தில் தரம் பிரிக்காத மூட்டையை வாங்கிக் கொட்டுவதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு. கழிவு போக 10 சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பிளான்ட்டில் கலப்பது

வரிசையை மாற்றவே கூடாது: முதலில் கல், அப்புறம் பிளாஸ்டிக், கடைசியில் தார்.

தொகுதி தொகுதியாகக் கலக்கும் பேட்ச் பிளான்ட்டில் இது எளிது. 1,000 கிலோ கலவை போடும் தொகுதி என்றால் தார் 46 கிலோ, பிளாஸ்டிக் 4 கிலோ. இந்த 4 கிலோவை முன்கூட்டியே நிறுத்து, மெல்லிய பாலித்தீன் பையில் கட்டி வைத்துக்கொண்டால் பையோடு போட்டுவிடலாம். பையும் உருகிவிடும். கல் 165 டிகிரிக்குச் சூடாகிக் கலக்கும் தொட்டியில் விழுந்ததும் பிளாஸ்டிக்கைப் போட்டு 30 முதல் 45 வினாடி கலக்குங்கள். பிறகு 160 டிகிரியில் உள்ள தாரை ஊற்றுங்கள்.

தொடர்ந்து ஓடும் டிரம் பிளான்ட்டில் கவனம் கூடுதலாக வேண்டும். பிளாஸ்டிக் எக்காரணம் கொண்டும் பர்னர் சுடருக்கு நேரே போகக் கூடாது. சுடர் பட்டால் அது பூச்சாகாமல் எரிந்து புகையாகிவிடும். பழைய சாலைக் கலவையைச் சேர்ப்பதற்காக டிரம்மின் நடுவில் ஒரு வளைய வாய் இருக்குமே, அதன் வழியாக ஊதுகுழலால் செலுத்தலாம். தார் விழும் இடம் அதற்கும் அப்பால் இருக்க வேண்டும். துகள் இலேசானது என்பதால் அதை ஊட்டும் தொட்டியில் பாலம்போல் கோத்துக்கொண்டு அடைத்துக்கொள்ளும். ஒருவர் பக்கத்திலேயே நின்று ஓட்டத்தைக் கவனிக்க வேண்டும்.

வெப்பம் விஷயத்தில் யாரையும் நம்ப வேண்டாம், வெப்பமானியை மட்டும் நம்புங்கள். ஒருமுறை நான் நின்றுகொண்டிருந்த பிளான்ட்டில் திரை 165 என்றே காட்டிக்கொண்டிருந்தது. கலவையோ உதிரியாக, பச்சையும் சிவப்புமாகப் புள்ளி புள்ளியாக வந்தது. கம்பி வெப்பமானியைக் கல்லுக்குள் சொருகிப் பார்த்தால் 140. உணரியில் தூசி அடைத்திருந்தது. அந்த லாரிச் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. கலவையில் பிளாஸ்டிக்கின் நிறம் கண்ணுக்குத் தெரிந்தால் அது உருகவில்லை என்றுதான் அர்த்தம். நல்ல கலவை ஒரே கறுப்பாக, வழக்கமான தார்க்கலவையைவிடச் சற்றுக் கூடுதலாக மினுங்கும்.

கல்லை 170 டிகிரிக்கு மேல் ஏற்றவும் வேண்டாம். பாலித்தீனும் அதன் உறவுகளும் சிதைந்து வாயு விடுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் நமக்கு நல்ல இடைவெளி இருக்கிறது. ஆனால் சூடு மீறினால் முதலில் தார் கருகி வயதாகும். வழக்கத்தை மீறிய புகையோ காரமான நெடியோ வந்தால் உடனே நிறுத்துங்கள். சூடு அதிகமாகியிருக்க வேண்டும், அல்லது பி.வி.சி. கலந்திருக்க வேண்டும். அங்கே நிற்பவர்களின் மூச்சுக்காற்றைவிட அந்தத் தொகுதி பெரிதில்லை.

படி 7: விரிப்பதும் உருட்டுவதும்

அடித்தளம், அதன்மேல் புதிய கலவை ஒட்டுவதற்காகத் தெளிக்கும் மெல்லிய தார்ப்பூச்சான டேக் கோட், நீர் வடிவதற்கான 2 முதல் 2.5 சதவீத வாட்டம் எல்லாம் வழக்கமான தார்ச்சாலைக்கு உள்ளபடியே. பழுதான அடித்தளத்தின் மேல் பிளாஸ்டிக் கலவை போட்டாலும் சாலை உடையத்தான் செய்யும். அதற்குப் பிறகு மக்கள் பிளாஸ்டிக்கைத்தான் குறை சொல்வார்கள்.

வேறுபடுவது நேரம் ஒன்றுதான். பாலித்தீன் குளிரும்போது 115 டிகிரிக்குக் கீழே படிகமாகி இறுகத் தொடங்குகிறது. அதற்குள் முதல் சுற்று உருட்டல் முடிந்திருக்க வேண்டும். கலவையை விரிக்கும் இயந்திரமான பேவருக்குள் விழும்போது 140 டிகிரியாவது இருக்கட்டும். லாரிகளைத் தார்பாய் போட்டு மூடுங்கள். ரோலரைப் பேவரின் வாலைப் பிடித்தபடியே ஓட்டுங்கள். 'டீ குடித்துவிட்டு வந்து உருட்டலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. இறுகிய பிறகு எத்தனை முறை உருட்டினாலும் காற்று இடைவெளி குறையாது, அந்த இடைவெளி வழியே தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். அப்புறம் கல்லின் தோலால் என்ன பயன்?

மழைத் தூறலிலும் ஈரமான தளத்திலும் விரிக்க வேண்டாம். சாலை நன்றாக ஆறிய பிறகே போக்குவரத்தைத் திறந்துவிடுங்கள்.

படி 8: போட்டது சரிதானா என்று பாருங்கள்

மாதிரித் துண்டு எடுத்து அடர்த்தியும் தடிமனும் பார்ப்பது வழக்கம்போல. கூடுதலாக ஒரு கேள்வி இருக்கிறது: பிளாஸ்டிக் உண்மையிலேயே உள்ளே போனதா? காகிதத்தில் மட்டும் பிளாஸ்டிக் சேர்த்த சாலைகளும் உண்டு. டிரைகுளோரோஎத்திலீனில் ஊற வைத்தால் தார் கரைந்து வெளியேறும், கல்லை ஒட்டிய பிளாஸ்டிக் அவ்வளவு சீக்கிரம் வராது. பிறகு டெகலின் என்ற கரைப்பானில் சூடாக்கினால் பிளாஸ்டிக்கும் கரையும். இரண்டு கட்டத்திலும் எடையைக் குறித்துக்கொண்டால் எவ்வளவு பிளாஸ்டிக் இருந்தது என்பது தெரிந்துவிடும். இரண்டு கரைப்பான்களும் உடலுக்குக் கெடுதல் செய்பவை. புகைபோக்கி உள்ள ஆய்வகத்தில் பழகியவர் மட்டுமே செய்ய வேண்டும்.

முதல் இரண்டு மழைக்காலம் முடிந்ததும் நேரில் போய்ப் பாருங்கள். ஜல்லி உதிர்கிறதா, சக்கரத் தடம் பதிந்திருக்கிறதா, விரிசல் ஓடுகிறதா என்று குறித்து வையுங்கள். பக்கத்திலேயே ஒரு நூறு மீட்டரைப் பிளாஸ்டிக் இல்லாமல் போட்டு வைத்திருந்தால் ஒப்பிட வசதியாக இருக்கும். அந்த நூறு மீட்டர் இல்லாமல் 'எங்கள் சாலை நன்றாக உழைக்கிறது' என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நுண்பிளாஸ்டிக் உதிராதா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கவும் வேண்டும். உருகிக் கல்லோடு ஒட்டி, அதன்மேல் தாரால் மூடப்பட்ட பிளாஸ்டிக் எளிதில் வெளிவராது. ஆனால் உருகாத துகள், கட்டியான துண்டு, பூச்சாகாமல் கிடக்கும் பெட் சில்லு ஆகியவை மேற்பரப்பு தேயும்போது உதிரத்தான் செய்யும். அதனால்தான் அளவையும் வெப்பத்தையும் இவ்வளவு வலியுறுத்திச் சொன்னேன். கவனமில்லாமல் போட்ட பிளாஸ்டிக் சாலை, குப்பைமேட்டில் கிடந்ததைச் சன்னமாக அரைத்து வாய்க்காலுக்கு அனுப்பும் இயந்திரமாகிவிடும்.

கடைசியாக, பதிவேடு

எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எந்த நாளில், எந்த வகைப் பிளாஸ்டிக், எத்தனை சதவீதம், கல்லின் வெப்பம் என்ன என்று தொகுதிவாரியாக எழுதி, சாலையின் நிலையான ஆவணத்தோடு சேர்த்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து இந்த மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துப் புதிய கலவையோடு மறுபடி சூடாக்குவார்கள். உள்ளே பிளாஸ்டிக் இருக்கிறது என்று தெரியாமல் பர்னர் சுடருக்கு நேரே கொட்டினால், நாம் இன்று தவிர்த்த புகையை அன்றைக்கு வேலை செய்பவர்கள் சுவாசிப்பார்கள். அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: இந்தக் கலவையில் பிளாஸ்டிக் உண்டு, சுடரில் காட்டாதே, 170 டிகிரியைத் தாண்டாதே.